மூன்று டாலர் சேவல்

ஜனவரி 14, செவ்வாய்

கரீபியன் கப்பலில் ஏழு இரவுக்கு மனைவி ஓப்பலுக்கும் எனக்கும் இடம் வாங்கிவிட்டேன். பிப்ரவரி முதல் தேதி டாம்பாவிலிருந்து கிளம்புகிறது. இருப்பதிலேயே மலிவான அறை. ஜன்னல் கிடையாது. எந்தத் தளம், எந்த எண் என்பதைக் கடைசியில்தான் சொல்வார்கள். எது மிஞ்சுகிறதோ அது நமக்கு. முப்பத்தெட்டு வருஷமாக லேக்லேண்டில் மற்றவர்கள் கழித்துப் போட்டதை வாங்கி விற்றுத்தான் பிழைத்தேன் — பழைய ஃபிரிட்ஜ், பழைய வாஷிங் மெஷின், பழைய அடுப்பு. மிஞ்சியதில் கேவலம் ஒன்றுமில்லை.

ஊர் சுற்றிப் பார்க்கவா போகிறோம்? இல்லை. இது வெள்ளோட்டம்.

மறதி முற்றியவர்களை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்று நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது. அவள் ஒருத்திக்கு மாதம் 7,400 டாலர் கேட்கிறார்கள். கப்பலில் மாதத்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து, வரி, ஊழியர்களுக்குக் கொடுப்பது எல்லாம் போட்டும் 5,000 தாண்டவில்லை. படுக்கை விரிக்க ஆள், மூன்று வேளையும் சாப்பாடு, கீழே டாக்டர். டிசம்பரில் இரவு உடையோடு அவள் ரோட்டில் நடந்துபோனாள். ஷெரிஃப் ஆபீசிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். கப்பலில் ரோடு இல்லை.

ஒத்து வந்தால் கடையை விற்றுவிட்டு அவள் இருக்கும்வரை கப்பலிலேயே இருந்துவிடுவது. ஒத்து வராவிட்டால் இல்லம். அங்கே அவள், இங்கே நான். கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருஷத்தில் அப்படி இருந்ததில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மேகன் ஊரிலிருந்து மகள் ரோண்டா போன்.

"ஜன்னலே இல்லாத ரூமா? அதுக்குப் பேரு ரூம் இல்லப்பா, அலமாரி."

"அலமாரியில சாமான் பத்திரமா இருக்கும்."

"அம்மா சாமான் இல்ல."

இன்ஷூரன்ஸாவது போட்டீங்களா என்றாள். போட்டாச்சு என்றேன். போடவில்லை.

ஜனவரி 30, வியாழன்

ஃபிரிட்ஜை விற்கிறவர்கள் கதவில் ஒட்டிய காந்தப் பொம்மைகளை எடுக்க மறந்துவிடுவார்கள். எல்லாவற்றையும் ஒரு காபி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். தர்பூசணி, பசு, மீன், சாண்டா. கப்பல் கதவுகள் இரும்பாம். ஒரே மாதிரி இருநூறு கதவுகளில் தன் அறை எது என்று தெரிய ஆளாளுக்குக் காந்தம் ஒட்டுவார்களாம். போய் வந்த வாடிக்கையாளர் சொன்னார். டப்பாவை அப்படியே எடுத்துப் போகிறேன். ஊழியருக்குக் கொடுக்கும் காசையாவது தேற்றலாம்.

எங்கள் சமையலறை ஃபிரிட்ஜில் இருக்கும் சிவப்புச் சேவலையும் எடுத்துக்கொண்டேன். பல வருஷம் முன்னால் ஹாலிஸ் தீவனக் கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் சும்மா கொடுத்தது. இந்த வட்டாரத்தில் மூன்றில் ஒரு ஃபிரிட்ஜில் அது இருக்கும். டப்பாவிலேயே இன்னும் மூன்று கிடக்கிறது. ஓப்பல் தினமும் எழுந்து வந்து அதைத் தொட்டுவிட்டுத்தான் காபி போடுவாள். இப்போது காபி போடத் தெரியவில்லை. தொடுவது மட்டும் நிற்கவில்லை.

பிப்ரவரி 1, சனி. கப்பல்

இரண்டாம் தளம். அறை எங்கள் கடையின் லாரியைவிடச் சிறியது. விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கதவில் சேவலை ஒட்டினேன். ஓப்பல் தொட்டுப் பார்த்தாள்.

"அட, நம்ம வீடு. ஏன் வெண்டல் இவ்வளவு சுத்தி வந்தே?"

அறையைப் பார்த்துக்கொள்ளும் கேட்டூட் பாலித் தீவுக்காரர், நாற்பது வயதிருக்கும். ஊரில் அவருடைய அம்மாவுக்கும் இதே சங்கடமாம். துண்டை மடித்து யானை செய்து படுக்கையில் வைத்திருந்தார். ஓப்பல் அதை மடியில் வைத்துக்கொண்டாள். துவட்டத் துண்டு வேண்டும் என்று கேட்டால்கூடக் கொடுக்கமாட்டாள் போல.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலைப் பலகாரம் மூன்று தடவை சாப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும், "நான் இன்னும் ஒண்ணுமே சாப்பிடலையே." வீட்டில் என்றால் வாதாட வேண்டும். இங்கே தட்டை எடுத்துக் கொடுத்தால் போதும். மூன்றுக்கும் ஒரே காசு. இந்த ஒன்றுக்கே கப்பல் தேவலை.

பதினான்கு காந்தம் விற்றேன், ஒன்று மூன்று டாலர். ஆறு கதவு தள்ளி இருக்கும் ஒஹாயோக்காரி க்ளெண்டா எங்கள் கதவைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அதே சேவல்தான் வேணும்" என்றாள். கொடுத்தேன். அவள் புருஷன் ராஸ், "கப்பல்லயும் கடை போட்டுட்டியாப்பா" என்றான். சேவல் மூன்றும் முதலில் போய்விட்டது.

சாப்பாட்டு மேஜையில் திருமதி கேஜ். எண்பத்து மூன்று வயது, விதவை. வருஷத்தில் பத்து மாதம் கப்பலில்தான். நான் நினைத்ததைத்தான் இந்த அம்மா நாலு வருஷமாகச் செய்கிறாள். என் திட்டத்தைச் சொன்னேன். ஓப்பல் நான்காவது தடவை அவளிடம் பெயர் கேட்டாள்; அவளும் நான்காவது தடவை பொறுமையாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் சாய்ந்து,

"எனக்கு என் பேரு தெரியும், என் ரூம் நம்பர் தெரியும். இங்க டிக்கெட் அதுதான், மிஸ்டர் ப்ரூயிட். காசு அப்புறம்."

காசு அப்புறம் என்று சொல்கிறவர்களிடம் எப்போதும் காசு இருக்கும்.

பிப்ரவரி 3, திங்கள்

கொசுமெல் துறைமுகம். இறங்கவில்லை. இறங்காதவனுக்குச் செலவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

நல்ல நாள். மேல்தளத்தில் நாற்காலி கிடைத்தது. ஓப்பல் என் கையை விடாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "இவ்வளவு தண்ணியையும் யாரு வெண்டல் துடைப்பா?" என்றாள்.

முப்பது வருஷம் கடைக்கு வந்த ஒவ்வொரு ஃபிரிட்ஜையும் சோடா உப்பு போட்டுத் தேய்த்தவள் அவள்தான். அடுத்தவன் வீட்டுப் பால் வாடை, மீன் வாடை எல்லாம் அவள் கையால்தான் போனது. விலை நான் சொன்னேன். விலை வந்தது அவளால்.

"நாம துடைக்க வேண்டாம். ஆள் இருக்கு" என்றேன். நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். ஊருக்குப் போனதும் கடைக்கு விலை பேச வேண்டியதுதான்.

பிப்ரவரி 5, புதன்

கிடைத்துவிட்டாள். இன்று எழுத முடியாது.

பிப்ரவரி 6, வியாழன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். விட்டால் நாளைக்கு நானே எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்வேன்.

காலை பத்து மணி. கப்பல் ரோவட்டான் தீவில் நின்றிருந்தது. பாதிப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள். ஓப்பல் தூங்கிக்கொண்டிருந்தாள். காபி எடுக்க மேலே போனேன். ஐந்து நிமிஷ வேலை. வழியில் ஒருவர் காந்தம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். நின்றேன். மீன் இருக்கிறது, பசு இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தேன் — பேசாம வந்திருந்தா? மூணு டாலர். மூணு டாலருக்காக நின்னேன்.

வந்து பார்த்தால் படுக்கை காலி.

பாதுகாப்பு அதிகாரி கணினியைப் பார்த்தார். "அவங்க கப்பலை விட்டு இறங்கலை, சார். கார்டுல பதிவு இல்ல." நல்லதுதானே என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. தீவில் இறங்கவில்லை என்றால் மிச்சம் இரண்டே இடம், ஒன்று கப்பல்.

தேட ஆள் அனுப்பிவிட்டு என்னைத் திரை முன்னால் உட்காரவைத்தார். தளத்து விளிம்புக் கம்பிகளைக் காட்டும் கேமராக்கள். ஒவ்வொன்றாகப் பின்னால் ஓட்டினார். வெறும் கம்பி. அடுத்தது, வெறும் கம்பி. ஒன்றில் யாரோ காயப்போட்ட துண்டு ஆடியது; அவர் கை நின்றது. துண்டுதான்.

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு கேமராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இதோடு முடிந்திருந்தால் 7,400 வேண்டாம். கடையை விற்க வேண்டாம். நான் நினைக்கவில்லை, தானாக ஓடியது என்று எழுதலாம். கணக்கு எப்போது தானாக ஓடியிருக்கிறது? போட்டவன் நான்.

மணி ஒன்றுக்கு அறைத் தளத்திலிருந்து போன். ராஸும் க்ளெண்டாவும் தீவிலிருந்து திரும்பித் தங்கள் அறையைத் திறந்திருக்கிறார்கள்.

ஓடினேன். அவர்கள் கதவில் என் சேவல்.

உள்ளே க்ளெண்டாவின் மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு, க்ளெண்டாவின் படுக்கையில், மடியில் துண்டு யானையோடு ஓப்பல். ராஸ் நடைவழியில் நின்று, "எங்களையே வெளிய போகச் சொல்றாங்கப்பா" என்றான். அவனுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. ஓப்பல் க்ளெண்டாவிடம், "யாரா வேணா இருங்க, ஷூவைக் கழட்டிட்டு வாங்க. இப்பத்தான் தேய்ச்சு வச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேட்டூட் சுவரோடு ஒட்டி நின்றார். "நான் புதுத் துண்டு எடுக்கப் போனேன், சார். கதவு திறந்திருந்துச்சு. வந்து பார்த்தா பாத்ரூம் சாத்தியிருந்துச்சு. அங்க வேலை முடிஞ்சதுதானேன்னு ரூமைப் பூட்டிட்டேன். உள்ள இவங்க இருந்தது தெரியாது." அவர்மேல் தப்பில்லை. அதிகாரியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

என்னைப் பார்த்ததும் ஓப்பல் எழுந்துவிட்டாள்.

"யாரு இந்த ஆளு?"

"நான்தான் ஓப்பல். வெண்டல்."

"வெண்டலுக்குக் கறுப்பு முடி. கடையிலிருந்து வர்ற நேரம்தான். வந்தா உன்னைச் சும்மா விடமாட்டான்."

கையைப் பிடித்தேன். கடித்தாள். கதவை, சேவலை, காட்டிக் காட்டி, "இது என் வீடு, இது என் வீடு" என்றாள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள டாக்டர் ஊசி போட்டார். ஆறு கதவு தூரம் சக்கர நாற்காலியில் தள்ளிவந்தோம்.

சேவல் இருக்கும் இடம் அவளுக்கு வீடு. நான் இருக்கும் இடம் இல்லை. ஒரே நடைவழியில் நான்கு வீடு செய்து வைத்தவன் நான்.

பிப்ரவரி 7, வெள்ளி

டாக்டர் பில் 1,860 டாலர். கூடவே ஒரு கடிதம்: இந்த நிலையில் அவளை மறுபடி கப்பலில் ஏற்றிக்கொள்ள முடியாது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதுவேன்.

கதவு கதவாகப் போய்ச் சேவல்களைத் திரும்ப வாங்கினேன். க்ளெண்டா காசு வாங்கவில்லை. கவுனையும் ஓப்பலே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். இரண்டாவது வீட்டார் மூன்று டாலருக்கே கொடுத்தார்கள். மூன்றாவது ஆள் டென்னசிக்காரக் கிழவர்.

"பத்து டாலர்."

"மூணுக்குத்தானே ஐயா வித்தேன்."

"நீ தேடி வந்திருக்கே. தேடி வர்றவனுக்கு விலை வேற. உனக்குத் தெரியாததா?"

தெரியும். கொடுத்தேன்.

ஓப்பல் விழித்திருக்கிறாள். என் கையில் கட்டு எப்படி வந்தது என்று கேட்டாள். ஃபிரிட்ஜ் கதவு நசுக்கியது என்றேன். ஊதிவிட்டாள்.

பிப்ரவரி 8, சனி

டாம்பா. இறங்கும்போது திருமதி கேஜ் ஓப்பலின் கன்னத்தில் முத்தம் கொடுத்து, தன் பெயரை மறுபடி சொன்னாள்.

கேட்டூட்டுக்குக் காந்தம் விற்ற காசு முழுவதையும் கொடுத்தேன். அந்தக் காசை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரோண்டா வந்திருக்கிறாள். இன்ஷூரன்ஸ் போடவில்லை என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அந்தக் கேமரா கணக்கைச் சொல்லவில்லை. அது இந்த நோட்டோடு இருக்கட்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

கடைக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். அடிமாட்டு விலை கேட்டான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். சரி என்றேன்.

ஓப்பல் காலையில் சேவலைத் தொட்டுவிட்டு, "சார், காபி சாப்பிடுறீங்களா?" என்றாள். சாப்பிடுகிறேன் என்றேன். உட்கார்ந்துகொண்டாள். நான் போட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இல்லத்துக்குப் போய்ப் பேசி முடித்தேன். மேலாளர் திருமதி ஆஸ்ட்ராண்டர் ஒரு தாளில் குறைத்த விலை ஒன்றை எழுதித் தயாராக வைத்திருந்தார். மேஜையில் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகப் படிப்பது என் தொழில்.

"நீங்க விடாம பேரம் பேசுவீங்கன்னு உங்க பொண்ணு சொன்னாங்க."

"விலைக்குப் பேசல. உங்க கதவைப் பத்திப் பேசணும்."

கதவுகள் மரம். காந்தம் ஒட்டாது. அதோடு, அவளுக்குக் கொடுக்கும் அறையிலிருந்து மூன்றாவது கதவில் ஒரு சேவல் பசை போட்டு ஒட்டியிருந்தது. அதே சிவப்பு, அதே ஹாலிஸ் கடை. மூன்றில் ஒரு வீடு என்று நான்தானே எழுதினேன். அந்த அறையிலிருக்கும் அம்மாளின் மகனைப் போனில் பிடித்தேன். "ஒரு சேவலுக்காகவா கூப்பிட்டீங்க?" என்றான். ஆமாம் என்றேன்.

முடிந்தது இது: மாதம் 7,400 டாலர், ஒரு மாதம் முன்பணம், மார்ச் ஒன்று முதல். கதவில் பதிக்கும் இரும்புத் தகடு என் பொறுப்பு. மூன்றாவது கதவுச் சேவலுக்கு மாற்றாக அந்த மகனுக்கு ஒரு சின்ன ஃபிரிட்ஜ், ஆறு மாத உத்தரவாதத்தோடு. அந்த நடைவழியில் வேறு எந்தக் கதவிலும் சேவல் கூடாது. நான் பார்க்க வரும் நேரம் காலை பத்து முதல் மாலை ஆறு வரை. வெளியே நின்று தட்ட வேண்டும், அவள் வரச் சொன்னால் மட்டும் உள்ளே.