ஒன்பது மணிக்குத் திறக்கும் வானம்

ஆடி மாதம், புதன் இரவு.

திராட்சைக்கு விடிந்ததும் பூஞ்சை மருந்து அடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் கணவாய்க் காற்று பலமாக வீசத் தொடங்கிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் இது யாருக்குத் தெரியாது? ட்ரோனுக்குப் பறக்க அனுமதி தரும் புது முறையை வெளிநாட்டிலிருந்து அப்படியே தூக்கி வந்திருக்கிறார்கள். அந்த ஊரில் காலையில் மூடுபனியாம். அதனால் இங்கேயும் ஒன்பது மணிக்குத்தான் வானம் திறக்குமாம்!

இன்று காலை, வாடகைக்கு மருந்தடிக்கும் என் ட்ரோனைத் தோட்டத்தில் வைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அனுமதி வருவதற்குள் பந்தலே ஆடத் தொடங்கிவிட்டது. அடித்தால் மருந்து பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போகும்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரியான ராசாத்தி அக்காவுக்கு ஆத்திரம். "ஏப்பா, வானத்தை வாங்கிட்டு வந்தாகளே, அந்த ஊருக் காத்தையும் சேத்து வாங்கக் கூடாதா?"

ட்ரோனை மடக்கினேன். நாளைக்கும் ஒன்பது மணிதான். இலைக்கு அடியில் பூஞ்சை இந்நேரம் பரவிக்கொண்டிருக்கும். அதற்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.