வளையம் 417

ஒரகடம்
20.1.2025

அன்புள்ள செல்விக்கு,

அந்தமான் கப்பல் தபாலில் நீ அனுப்பிய நாற்பது ரத்த அட்டைகளும் நனையாமல் வந்து சேர்ந்தன. டிசம்பர்ப் புயலுக்குப் பிறகு உன்னிடமிருந்து வரும் முதல் தபால். பொட்டலத்தில் காய்ந்த ரத்தப் பொட்டுகள் மட்டும் இருந்தன. முப்பது வருடச் சிநேகிதிக்கு இரண்டு வரி எழுத உனக்குக் கை வலித்ததா?

இங்கே எதுவும் மாறவில்லை. குன்றத்தூரிலிருந்து கம்பெனிப் பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஆய்வகம் வந்து சேர ஒன்றரை மணி நேரம். பகலில் தொழிற்சாலைக் கழிவுநீர். மாலையில் உன் கடற்பறவைகளின், அந்த ஆலாக்களின் ரத்தம்.

ஒன்று கேட்க வேண்டும். நாற்பது பறவைகளுக்கும் ஈயம், பாதரசம் பார்த்தேன். நாற்பதும் மூன்றே அளவுகளில் வந்து நிற்கின்றன. போன வருடம் இரண்டு பறவைகள்கூட ஒத்துப்போகவில்லை. கருவியைத் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டேன்; பழுதில்லை.

மார்ச் முடிவில் அறிக்கையில் நான் கையெழுத்திட வேண்டும். ஆலாக்கள் நலமாகக் குடியிருக்கின்றன என்று அதில் இருந்தால்தான் அவை முட்டையிடும் அந்த மணல்திட்டு சுற்றுலாப் படகுகளுக்கு மூடியே இருக்கும். அதனால்தான் கேட்கிறேன். கோபிக்காதே.

உன் ஃபெபி


தீவு முகாம்
3.2.2025

ஏட்டி ஃபெபி,

கை வலிக்கவில்லை, சோம்பல்தான். மன்னித்துவிடு.

அளவுகள் ஒத்துப்போனால் அதற்கும் சந்தேகமா? ஒரே கடல், ஒரே மீன். கல்லூரியில் செத்த தவளையை நாலு தரம் குத்திப் பார்த்துவிட்டு அறுத்தவளாயிற்றே நீ!

திட்டு முழுக்க ஒரே இரைச்சல். 417-ஆம் வளையம் மாட்டினோமே, நினைவிருக்கிறதா, வலது கால் நொண்டி? அதே இடத்தில் முட்டையோடு உட்கார்ந்திருக்கிறது. கிட்டப் போனால் கொத்த வருகிறது.

துக்கமெல்லாம் கிளியம்மாள் அக்காவுக்குத்தான். எனக்குச் சோறு பொங்கிப் போடுகிறவள். அவள் கோழிகள் பதினொன்றும் இரண்டே நாளில் போய்விட்டன. “பறவ பறவன்னு கடலெல்லாம் சுத்துத. எங்கோழியக் காப்பாத்தத் தெரியலயே ஒனக்கு” என்று ஏசுகிறாள். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது. எனக்கும் லேசாக இருமல்.

கையெழுத்தை மட்டும் நேரத்துக்குப் போட்டுவிடு, தாயே.

உன் செல்வி


ஒரகடம்
21.2.2025

அன்புள்ள செல்வி,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

நேற்று உதிரிபாகக் கம்பெனியிலிருந்து சந்தனமாரி என்கிற பெண் கேண்டீன் தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுவந்தாள். தென்காசிப் பக்கம், விடுதியில் தங்கி ஷிப்ட் பார்க்கிறாள். பாட்டிலுக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தை வைத்தாள். அதில் ஆலாக்களுக்கு நாம் மாட்டும் கால் வளையம் கோத்திருந்தது.

“நல்லாருக்கேன்னு போட்டுக்கிட்டேன் மேடம். புயலன்னைக்கு ஒரு பறவ எங்க பஸ்சு மேல வந்து விழுந்துச்சு. அது கால்ல கெடந்தது.”

டிசம்பர் முதல் வாரம். அட்டைப்பெட்டியில் வைத்து இரண்டு நாள் பார்த்திருக்கிறார்கள். “தலையப் பின்னால திருகிக்கிட்டுச் சுத்திச் சுத்தி வந்துச்சு மேடம். கிறுக்குப் புடிச்ச புறான்னு ரூம்ல ஒரே சிரிப்பு. மூணாம் நாள் செத்துப்போச்சு.”

வளையத்தை, நமக்கு எண் அடித்துக் கொடுத்த பட்டறைக்கே எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் டில்லிபாபு லென்ஸ் வைத்துப் பார்த்தார். “நம்ம அடிச்ச நம்பர்தான் மேடம். நாலு கொஞ்சம் சாய்ஞ்சிகீது பாரு. இன்னா, பறவை ஊருக்கே திரும்பி வந்துட்சா?”

417.

ஜனவரி ஆறாம் தேதியிட்ட 417-இன் ரத்தம் என் மேசையில் இருக்கிறது. அது யாருடைய ரத்தம், செல்வி? முட்டையோடு உட்கார்ந்திருப்பது எது? கிளியம்மாளின் கோழிகளும் தலையைத் திருகிக்கொண்டா செத்தன?

ஃபெபி


தீவு முகாம்
8.3.2025

ஃபெபி,

உன்னிடம் பொய் நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

நவம்பர் கடைசியில் விழத் தொடங்கின. நீ சொன்ன மாதிரிதான், தலையைத் திருகிக்கொண்டு. பத்தே நாள். அறுநூற்றுக்கு மேல் எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. கையுறை தீர்ந்த பிறகும் புதைத்தேன். பறக்க முடிந்தவை புயலோடு போயின, ஒன்றும் திரும்பவில்லை. இப்போது திட்டில் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

மூன்று மிஞ்சின. அவற்றைத் தூக்கிவந்து கிளியம்மாள் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்து மீன் ஊட்டினேன். அந்த மூன்றின் ரத்தத்தைத்தான் நாற்பது அட்டைகளில் வைத்து, பழைய நோட்டிலிருந்து எண்கள் போட்டேன். பிறகு அவையும் போய்விட்டன.

பறவை இல்லை என்று எழுதினால் ஏப்ரலில் படகு விடுவார்கள். மனிதர் கால் பட்ட மணலில் ஆலா மறுபடி முட்டையிடாது. இரண்டு வருடம் மூடிக் கிடந்தால் வேறு கூட்டம் வரலாம். அதற்காகத்தான். எனக்காக அல்ல.

முப்பது வருடத்தில் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. கையெழுத்துப் போடு, ஏட்டி.

கிளியம்மாள் அக்கா நாலு நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறாள். மூச்சு வாங்குகிறது. என் இருமல் அப்படியே இருக்கிறது. ஒன்றும் இருக்காது.

செல்வி


ஒரகடம்
17.3.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. பத்தரைக்குள் கால்நடைத் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் பேசிவிட்டேன். நம்ப மறுத்தார்கள். உன் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினேன். இதை நீ படிப்பதற்கு முன்பே அவர்கள் உன் முகாமுக்கு வந்திருப்பார்கள்.

இது என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. என் ஆய்வகத்தில் அதைப் பார்க்க வசதியில்லை. தெரியாதபோது சும்மா இருக்க முடியாது என்பது மட்டும் தெரியும். சந்தனமாரியின் விடுதிக்கும் போனேன். பெட்டியைத் தொட்ட நான்கு பெண்களும் நலம். “நா அந்தப் பறவைக்குத் தண்ணிதான மேடம் குடுத்தேன், அது தப்பா?” என்று கேட்டாள். தப்பில்லை என்றேன். உனக்கும் அதைச் சொல்ல ஆசைதான். கிளியம்மாளை நினைத்தால் எழுத வரவில்லை.

அறிக்கையில் அந்த நாற்பது பறவைகளின் வரிகளையும் அடித்து நீக்கிவிட்டேன். 417-க்கு மட்டும் ஒரு வரி சேர்த்தேன்: ‘இறப்பு, ஒரகடம், டிசம்பர் 2024.’ அதன் கீழே கையெழுத்திட்டேன். படகுகள் வரும். அது என்னால்தான்.

கிளியம்மாளைத் தனியாக விடாதே. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு பக்கத்தில் இரு. அவள் கேட்டால் உண்மையைச் சொல்.

அடுத்த கப்பல் முப்பத்தொன்றாம் தேதி. அதில் உன் கடிதம் இல்லாவிட்டால், என் மேல் உள்ள கோபத்தால்தான் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்ள முயல்வேன்.

உன் ஃபெபி