சிரித்தவர் கையில் கொடுத்த நெருப்பு

ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் கொலுசுப் பட்டறைக்குள் போய் நின்றுவிட்டேன். ஊசி குத்தியதே தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசி. இருந்த வேலையை விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேர் சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு ஷெட் பிடித்து, தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜன் எடுத்து எரிக்கும் பெட்டி ஒன்றைச் செய்திருந்தோம். வாங்கத்தான் ஆள் இல்லை. விற்காவிட்டால் ஷெட்டை மூட வேண்டியதுதான். சேலத்துப் பட்டறைகளில் அப்போது மண்ணெண்ணெய் விளக்கை ஊதுகுழலால் ஊதித்தான் வெள்ளியைப் பற்றவைப்பார்கள். "ஊதி ஊதி எங்க ஆளுக நெஞ்சு காஞ்சு போச்சுங்க. கொண்டாங்க, பாக்கலாம்" என்று கதவைத் திறந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் சொல்லுக்காகவே மற்றப் பட்டறைக்காரர்களும் பார்க்க வந்தார்கள்.

அன்று என் மானம் போயிற்று. ஹைட்ரஜன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அதுதான் சுத்தத்தின் அடையாளம் என்று நான் பெருமையடித்துக்கொண்டிருக்கும்போதே, சுடர் எங்கே முடிகிறது என்று தெரியாமல் உங்கள் ஆள் குழாயைக் கிட்டே கொண்டுபோய்விட்டார். கொலுசு உருகி உருண்டையாகிவிட்டது. "தண்ணியில நெருப்பு எடுக்கறாராமா!" என்று ஒரு பெரிய பட்டறைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு உங்களையும் சேர்த்துத்தான். அந்தத் தொழிலில் ஒரு பெண்ணின் பேச்சு எடுபட நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கூசிப் போனேன்.

நீங்கள் அசரவில்லை. "அடுத்த வெள்ளிக்கெழம எல்லாரும் வாங்க" என்று அவர்களை அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினீர்கள். "ஏனுங்க, உங்க சுத்தத்த வெச்சு நான் என்ன பண்றதுங்க? நெருப்பப் பாத்துத்தான் எங்க கை போகும். அது கண்ணுக்குத் தெரியோணும்."

நான்கு நாள் ஷெட்டில் மல்லுக்கட்டினேன். கடைசியில் வாயுவை ஒரு ஸ்பிரிட் பாட்டில் வழியாகக் குமிழியிட்டு வரவிட்டேன். நீலச் சுடர் பளிச்சென்று நீண்டு நின்றது. சூடும் சற்றுத் தணிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை குழாயை உங்கள் ஆளிடம் நீங்கள் கொடுக்கவில்லை. சிரித்தவர் கையிலேயே கொடுத்தீர்கள். அவர் ஒரு கொலுசைப் பற்றவைத்தார், இரண்டாவதையும் பற்றவைத்தார், கேட்காமலே மூன்றாவதை எடுத்தார். குழாயைக் கீழே வைக்காமலே, "எனக்கொண்ணு எப்ப வருமுங்க?" என்றார்.

எண்பதுகளில் பட்டறைத் தெருக்களில் எங்கள் பெட்டி ஓடத் தொடங்கிவிட்டது. விளம்பரத் தாளில் அந்த நீலச் சுடரை 'எங்கள் பொறியாளரின் கண்டுபிடிப்பு' என்று அச்சடித்தேன். அந்தப் பொறியாளர் நான்தான். நீங்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தீர்கள். "பேரு உங்களுதாவே இருக்கட்டுங்க. கண்ணுக்குத் தெரியோணும்னு கேட்டது நானுங்க." துளிக் கோபம் இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போது ஹைட்ரஜன் எரிபொருள் விற்கக் கிளம்பும் சின்னக் கம்பெனிக்காரர்கள் யோசனை கேட்டு வருகிறார்கள். "பொருளை முதலில் உங்களைப் பார்த்துச் சிரிப்பவர் கையில் கொடுங்கள்" என்று அவர்களிடம் சொல்கிறேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், தயங்காமல் உங்கள் பெயரைச் சொல்கிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது, நாலு பேர் முன்னால், உங்கள் காதுபட ஒருமுறைகூட அதைச் சொல்லவில்லை.