பன்னிரண்டாவது இடம்

அருமை மகனுக்கு அப்பா சொல்வது,

நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று நாளாக ஓரிடத்தில் உட்காரத்தான் முடியவில்லை.

ஐந்து நாடுகளின் ஏரிகளிலும் விரிகுடாக்களிலும் ஒரே நாளில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கப் போகிறார்களாம். நம் ஏரிக்கு என் படகுதான். எங்கெங்கே எடுப்பது என்று ஆய்வுக்கு வந்த மேடம் மேசையில் வரைபடத்தை விரித்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் கரையின் வளைவு எனக்குத் தெரியாதா? பதினோரு இடங்களைத் தொட்டுக் காட்டினேன்.

"பெரியவரே, இந்த மேற்கு மூலை?"

"அங்க ஒரே சேறும்மா. படகு போகாது."

நீ மேஸ்திரியாக இருக்கும் சாயப்பட்டறையின் பின்பக்கம் அது. ஏழு வயதில் உனக்கு அங்கேதான் நீச்சல் பழக்கினேன். கழுத்தளவுத் தண்ணீரில் உன் கால்விரல்கள் தெரிந்தன. இப்போது விடியற்காலையில் கழிவுக் குழாயை யார் திறந்துவிடுகிறார்கள் என்று படகிலிருந்து பார்த்திருக்கிறேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

இன்று போய், "படகு போகும்மா, பொய் சொல்லிட்டேன்" என்றேன். அந்த இடத்தையும் சேர்த்துக்கொண்டார். வியாழன் காலை ஆறு மணி.

"முன்னாடியே சொன்னா அண்ணன் உஷாராயிடுவாருப்பா" என்கிறாள் உன் தங்கை.

"பெத்த பிள்ளைய ஒளிஞ்சிருந்து பிடிக்கச் சொல்றியா? பேசாம எழுது" என்றேன்.

அன்று மட்டும் நீ குழாயை மூடிவைத்தால், ஏரி சுத்தம் என்று ஐந்து நாட்டுக்கும் எழுதிவிடுவார்கள். மூடாதே. வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா.

உன் அப்பா
(கைநாட்டு)