பக்கத்துல என்றால் எவ்வளவு தூரம்

7 மார்ச் 1982, ஞாயிறு

ஜெயபாலன் என்ற பையன் மோட்டார் சைக்கிளில் ஈப்போ வந்தான். கமுந்திங்கில் என் மகள் மங்களம் வேலை செய்கிற தொழிற்சாலையில் அவன் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுகிற வேலை. பெண் கேட்கத்தான் வருகிறான் என்று நல்லம்மாள் நேற்றே எனக்குச் சோறு போடும்போது சொல்லிவிட்டாள். மகளுக்கும் இஷ்டமாம். நான் அசரவில்லை. யுத்தம் பார்த்தவன்.

தட்டும் பழமும் இல்லை. கையில் ஒரு பெட்டி. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார எஞ்சினியர் கொடுத்த யுத்த விளையாட்டாம். மேசை அகலத்துக்கு ஒரு வரைபடம், முழுக்கத் தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டங்கள். குன்று, காடு, வீடு எல்லாம் உண்டு. பட்டாளத்துக்குப் பதில் நகம் அளவு அட்டைகள்.

"மாமா அவசரகாலத்துல ஹோம் கார்டுல இருந்தீங்களாமே, மங்களம் சொன்னிச்சு."

இருந்தேனாவா? செமோர் பக்கம் எங்கள் தோட்டத்தில் மோர்ட்டார் அடித்ததே நான்தான். குன்றுக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் மேல், கண்ணால் பார்க்காமலே குண்டு போட்டேன். வெள்ளைக்கார மேஜர் வந்து கை குலுக்கினார். எல்லாம் சொன்னேன். பையன் வாயைப் பிளந்து கேட்டான். விளையாடிப் பார்த்து, ஆளை எடைபோட்டு, அப்புறம் பெண் தருவதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன்.

14 மார்ச், ஞாயிறு

விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. என் கண்ணாடியை நல்லம்மாள் எங்கோ வைத்துவிட்டதால் மங்களம் படித்துத் தமிழில் சொன்னாள்.

"மோர்ட்டார்காரனுக்கு எதிரி தெரியலன்னா, தெரியிற ஒருத்தன் பாத்துச் சொல்லலாம்பா. அவன் ஸ்பாட்டர். அந்த நேரம் அவன் சுடக்கூடாது. மோர்ட்டாருக்குப் பக்கத்துல இருக்கணும்."

எனக்கு உடனே பிடிபட்டது. கங்காணி! நிற்பான், பார்ப்பான், சத்தம் போடுவான். தான் ரப்பர் பால் வெட்ட மாட்டான். இங்கிலீஷ்காரன் இதற்குப் போய் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான்.

21 மார்ச், ஞாயிறு

என் மோர்ட்டாரைக் குன்றுக்குக் கீழே ஒளித்தேன். என் கங்காணியை உச்சியில் வைத்தேன். நடுவில் நாலு கட்டம். அந்தப் பக்கம் அவன் பட்டாளம் மொத்தமும் ஒரே வீட்டுக்குள். பகடையைக் கையில் எடுத்துவிட்டேன்.

"மாமா, அது முடியாது. ஸ்பாட்டர் ஒட்டி அடுத்த கட்டத்துல இருக்கணும்."

"பக்கத்துலன்னுதானே போட்டிருக்கு?"

"பக்கத்துலன்னா ஒட்டி மாமா."

"பக்கத்துத் தோட்டம்ங்கிறோம். அது ஒட்டியா இருக்கு? நாலு மைல் சைக்கிள் மிதிக்கணும். நாலு மைல் பக்கம்னா நாலு கட்டம் பக்கம் இல்லையா?"

"பேச்சுக்குச் சரி மாமா. விதிக்குச் சரி வராது."

"நீ மோர்ட்டார் பாத்திருக்கியா?"

"இல்ல மாமா. புஸ்தகம் பாத்திருக்கேன்லா."

பெண் கேட்டு வந்தவன் பேசுகிற பேச்சா இது? மங்களத்தைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லச் சொன்னேன். அவள் அவனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், புத்தகத்தையும் பார்த்தாள்.

"ஒட்டித்தான்பா. நான்தான் பக்கத்துலன்னு சொல்லிட்டேன்."

மேசை என் முழங்கால் பட்டுக் கவிழ்ந்தது. பெண் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

22 மார்ச்

மங்களம் காலையில் தொழிற்சாலை ஹாஸ்டலுக்குப் போனாள். போயிட்டு வாரேன்னு சொல்லல. சொல்லலன்னா போகட்டும் — எனக்கென்ன?

4 ஏப்ரல், ஞாயிறு

நல்லம்மாள்: "அட்டைத் துண்டுக்காகவா பொண்ணை உட்கார வைக்கிறீங்க?"

அட்டை இல்லை, மரியாதை என்றேன். மரியாதை எத்தனை கட்டம் தள்ளி இருக்கு என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். இவளுக்கு யார் விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தது?

18 ஏப்ரல், ஞாயிறு

தஞ்சோங் மாலிமிலிருந்து வேறொரு மாப்பிள்ளை. நவமணி. தோட்டத்து டிரசர், ஊசி போடுகிற வேலை. தட்டு, பழம், பெரியவர்கள், எல்லாம் முறைப்படி.

மோர்ட்டார் கதையைச் சொன்னேன். "ஆமா மாமா." கர்னல் என்னைக் கட்டிப்பிடித்தார் என்றேன். (மேலே மேஜர் என்று எழுதியிருந்தால் தப்பு. கர்னல்.) "ஆமா மாமா." செமோரில் நான் போட்ட குண்டு எழுபது மைல் தாண்டித் தஞ்சோங் மாலிமில் போய் விழுந்தது என்றேன். "ஆமா மாமா, எங்க தாத்தாகூடச் சொல்லியிருக்காரு."

அந்தக் கதையே எனக்கு அந்த நிமிஷம்தான் தோன்றியது. அவன் தாத்தாவுக்கு எப்படித் தெரியும்?

19 ஏப்ரல்

தூக்கம் சரியில்லை. இவன் என்ன ஆளு? மங்களம் சிரிச்சாலும் ஆமாம்பான், அழுதாலும் ஆமாம்பான். அவள் யார்கூடத்தான் பேசுவாள்?

காலையில் அவள் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது கேட்டேன், நவமணி எப்படி என்று.

"உங்க இஷ்டம்பா."

இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமா என்றேன்.

"சரிப்பா."

எதிர்ப் பேச்சே இல்லை. என் மகளா இது — விதியைப் படித்து என் முகத்துக்கு நேரே சொன்னவள்?

25 ஏப்ரல், ஞாயிறு

பஸ் பிடித்துக் கமுந்திங் போனேன். ஜெயபாலன் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். ஒரு சட்டையை மூன்று தரம் உதறினான். உட்காரச் சொல்லவில்லை. பிறகு உட்காரச் சொன்னான். நான் பேச்சை எடுத்தேன்.

"அன்னைக்கு உன்னைச் சோதிச்சேன் தம்பி. பொண்ணுக்காக விதியை மாத்துறவனா இல்லையான்னு பாக்கணும்ல."

"அப்ப மேசையை ஏன் மாமா கவுத்தீங்க?"

"சோதனைன்னா முழுசாச் செய்யணும்."

அடுத்த சட்டையைக் கொடியில் போட்டான். "அப்ப பக்கத்துலன்னா?"

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"ஒட்டித்தான். வர ஞாயித்துக்கிழமை உங்க அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா."

12 செப்டம்பர், ஞாயிறு

மாப்பிள்ளையும் மங்களமும் வந்திருந்தார்கள். புகைக்குண்டு போட்ட கட்டத்துக்குள் நிற்பவனுக்கு வெளியே கண் தெரியுமா, தெரியாதா என்று பகல் முழுக்கச் சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் மங்களம் புத்தகத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "ரெண்டு பேருமே தப்புலா" என்றாள். சோறு ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணித் தர முடியாது என்று நல்லம்மாள் சொன்னாள். அப்படியே சாப்பிட்டோம்.