ஓலை உயராத ஞாயிறு

நவம்பர் 18, 2025, செவ்வாய்

சபையின் புது அல்மனாக் வந்துவிட்டது. ஆலயத்தில் மணி அடிப்பது, பாய் விரிப்பது எல்லாம் பார்க்கிற கோயில்பிள்ளை தங்கையன் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். எந்தப் பண்டிகைக்கு எந்த வேதபாகம் என்பது அதில்தான் இருக்கும். அதைப் பார்த்து யார் எதை வாசிப்பது என்று பட்டியல் போடுவது பத்தொன்பது வருடமாக என் வேலை. பண்டிகை நாட்களின் சுவிசேஷத்தை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

எழுத்தை இந்த வருடம் இன்னும் பொடியாக்கிவிட்டார்கள். அரசு அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவள் நான். எறும்பு எழுத்தெல்லாம் பார்த்தாயிற்று. கண்ணாடிதான் மாற்ற வேண்டும். பழைய அல்மனாக் தொங்கும் ஆணியிலேயே புதியதையும் மாட்டினேன். இரண்டுக்கும் ஒரே நீல அட்டை.

நவம்பர் 30, ஞாயிறு

ஆட்வெண்ட் முதல் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் நாலு வாரத்தின் தொடக்கம். விழித்திருங்கள் என்கிற பாகம். விழித்துத்தான் இருக்கிறேன், ஆனால் வரிகள் நடுவில் வளைந்து வளைந்து ஓடுகின்றன. கண்ணாடி மாற்றி ஒரு வாரம் ஆகிறது. கடைக்காரன் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டான், கண்ணாடியில் குற்றம் இல்லையாம்.

டிசம்பர் 25, வியாழன்

காலை நாலரை மணி ஆராதனை. லூக்கா இரண்டாம் அதிகாரம். மேய்ப்பர்கள் வயல்வெளியில் இருக்கும் இடத்துக்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓட இரண்டு நிமிடம் ஆனது. நான் நிறுத்தவில்லை. தூதன் வந்தான், நற்செய்தி சொன்னான், பரம சேனை பாடியது, மேய்ப்பர்கள் பெத்லகேமுக்குப் புறப்பட்டார்கள் - எல்லாம் இருட்டில்.

மகன் பிஜுவுக்குப் பெருமை தாங்கவில்லை. “அம்மைக்கு பைபிள் முழுசும் மனப்பாடம்லா” என்று கேக் வெட்டும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

விளக்கு போனபோது எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதற்கு முன்பும் நான் பக்கத்தைப் பார்த்து வாசிக்கவில்லை. பார்த்தால் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு, அவ்வளவுதான். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் வாசக மேடையை விட்டு இறங்கச் சொல்வார்கள். இறங்கினால் நான் யார்? பென்ஷன் வாங்குகிற ஒரு கிழவி.

ஜனவரி 6, 2026, செவ்வாய்

இன்றைய பாகத்தில், குழந்தை இயேசுவைப் பார்த்த ஞானிகள் ஏரோது ராஜாவிடம் திரும்பாமல் வேறு வழியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். நானும் வேறு வழி பிடித்துவிட்டேன். போனில் வேதாகமம் முழுவதையும் ஒருவர் வாசித்து வைத்திருக்கிறார். மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் காதில் மாட்டிக்கொண்டு ஒரு பாகத்தை இருபது தரம் கேட்டால் வந்துவிடுகிறது. அந்த மனிதர் ழகரம் நன்றாகச் சொல்கிறார். திருத்த ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, புதன்

பழவங்காடிக் கடைத்தெருவுக்குப் போய் ஜாக்கெட் துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது. ஓரப் பார்வை இருக்கும், நடக்கலாம், சமைக்கலாம். வாசிப்பு போகும். போனது திரும்பாது. மாத்திரை தந்தாள், அது தேய்வைக் கொஞ்சம் மெதுவாக்குமாம்.

கூட யாரும் வரவில்லையா என்று கேட்டாள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றேன்.

சொன்ன பொய்க்கு ஆதாரம் வேண்டுமே என்று பழவங்காடியை ஒட்டிய கிழக்கே கோட்டையில் பஸ் இறங்கிப் பச்சைத் துணி ஒன்று வாங்கிவந்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு மருமகள் ரெனி சொன்னாள், அது நீலம்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். மத்தேயு ஆறு. வேஷம் போடுகிறவர்களைச் சொல்லும் மாயக்காரர் என்ற சொல் வந்த இடங்களைக் கொஞ்சம் வேகமாகக் கடந்தேன்.

மார்ச் 14, சனி

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துப் பட்டியல் போட்டேன். ஆணியிலிருந்து அல்மனாக்கை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து, ஒவ்வொரு சொல்லாக ஓரக்கண்ணால் பிடித்தேன். கழுத்து வலிக்கிறது. குருத்தோலை ஞாயிறு, லூக்கா 19. இன்றே போனில் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

ரெனி லேப் வேலை முடிந்து வந்தவள் பக்கத்தில் வந்து நின்றாள். “மாமி, நான் வாசிச்சுத் தரட்டா?”

“உனக்குத் தமிழ் எழுத்து தெரியாதே.”

“நம்பராவது அறியும், மாமி.”

வேண்டாம் என்றேன். அவள் போய்விட்டாள். அப்புறம் எனக்கு அந்தப் பழைய விஷயம் ஞாபகம் வந்தது, அதுவும் என் இஷ்டத்துக்கு வரவில்லை.

மூன்று வருடம் முன்பு. ரெனி கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ். நெய்யாற்றின்கரைப் பெண், வீட்டில் தமிழ், படித்தது மலையாளம். மலையாள ஊரில் தமிழ்ச் சபை, இங்கே பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். ஒரு வாசிப்பு தருகிறீர்களா என்று ஆசையாகக் கேட்டாள். தந்தேன். ஒத்திகைக்கு ஒரு கடுதாசி கொண்டுவந்தாள். தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதிவைத்திருந்தாள். “இது மலையாளம். வாசக மேடைக்கு ஏறாது” என்று சபையார் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அதோடு விடவில்லை. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பட்டியலில் இடம் என்று எழுதி, போதகர் அறையில் சட்டம் போட்டு மாட்டினேன். அவள் கடுதாசியை நாலாக மடித்தாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நம் சபையில் ஒரு வழக்கம். ஜனங்கள் மரக்கிளைகளைத் தறித்து வழியில் பரப்பினார்கள் என்று வாசிக்கும்போது பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓலையைத் தூக்குவார்கள். அங்கிருந்துதான் பவனி. லூக்கா வருகிற வருடங்களில் மட்டும் போதகர் முன்கூட்டியே சொல்லிவைப்பார், பாட்டுக்குத் தூக்குவார்கள். அறுபது பிள்ளைகள், புது உடுப்பு, கையில் ஓலை, கண் என் மேல்.

நான் லூக்காவைச் சொன்னேன். கழுதைக்குட்டி வந்தது. வஸ்திரங்களை விரித்தார்கள். கற்கள் கூப்பிடும் என்று இயேசு சொன்னார். முடிந்தது. லூக்காவில் கிளையும் இல்லை, ஓலையும் இல்லை. அவர் எழுதவே இல்லை. இது எனக்குத் தெரியாதா? எத்தனை தரம் கேட்டேன்! கேட்டேனே தவிர யோசிக்கவில்லை.

ஒரு ஓலையும் உயரவில்லை. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் சத்தமாகத் தாயிடம் கேட்டது, “அம்மே, ஓல பொக்கண்டே?” தூக்க வேண்டாமா என்று கேட்கிறது குழந்தை. யாரோ சிரித்தார்கள். போதகர் அவராகவே பாட்டை ஆரம்பித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்து பிஜுவிடம் அல்மனாக்கை நீட்டினேன். “அம்மா, இது போன வருசத்தது.” இந்த வருடம் மத்தேயு. ஒரே ஆணி, ஒரே நீல அட்டை. நம்பராவது அறியும் என்று ஒருத்தி சொன்னாள்.

மார்ச் 30, திங்கள்

தங்கையன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அக்கா, நான் மத்தேயு இருவத்தொண்ணுல தானே ரிப்பன் வச்சிருந்தேன். நீங்க பக்கத்த மறிச்சுத் திருப்பவே இல்ல. வாசிச்சது லூக்கா.”

நான் டீ போட எழுந்தேன்.

“நான் யார்ட்டயும் சொல்லல்ல. ஆனா நீங்களா சொல்லிருங்க. கேட்டியளா?”

டீ குடிக்காமல் போய்விட்டார்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

யோவான் பதின்மூன்று, இயேசு சீஷர்களின் காலைக் கழுவுகிற பாகம். வருடாவருடம் எனக்குப் பேதுருவின் மேல் எரிச்சல்தான் வரும். ஒருக்காலும் என் கால்களை நீர் கழுவப்படாது என்கிறான். என்ன வீறாப்பு, ஆண்டவர் குனிந்து நிற்கிறார், காலை நீட்டவேண்டியதுதானே என்று நினைப்பேன்.

இன்று காலை ரெனி மறுபடியும் கேட்டாள். “நாளைக்கு எந்தப் பாகம்னு நான் நம்பர் பாத்துத் தரட்டா, மாமி?” வேண்டாம் என்று கத்திவிட்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டதோ? இந்த வருடம் பேதுருவை ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஜலதோஷம் என்று சொல்லி வாசிக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இதோடு எத்தனை பொய் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பேதுரு பொய் சொன்னபோது கூவிய சேவல் எனக்குக் கூவவில்லை. எங்கள் தெருவில் யாரும் கோழி வளர்ப்பதில்லை.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

மரியாள் கல்லறையின் பக்கத்தில் நின்று அழுகிறாள். இயேசு எதிரே நிற்கிறார், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். அவர் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிகிறது. இத்தனை வருடம் இதை எப்படி ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பது என்றுதான் பார்த்திருக்கிறேன். இன்று போதகர் வாசித்தார், நான் கேட்டேன். எதிரே நிற்பவர்கள் எனக்கும் இப்போது அப்படித்தான். சத்தம் வந்தால்தான் ஆள்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி, மாத்திரை, போன், எல்லாம். பிஜு சோற்றில் கை வைத்தபடியே இருந்தான். “என்ட்ட சொன்னா என்னம்மா?” என்றான். அவன் குரல் உடைந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரெனி எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“எனக்கு கிறிஸ்மஸுக்கே தோணிச்சு, மாமி. கரண்ட் வந்தப்போ நீங்க கண்ண சிமிட்டக்கூட இல்ல.”

ஏப்ரல் 6, திங்கள்

ரெனியிடம் கேட்டேன். ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தேக்கு நீ வாசிக்கிறாயா, மலையாள எழுத்திலேயே எழுதிக்கொள், அந்தப் பழைய கடுதாசி மாதிரி. அது இருக்கிறதா?

“அத அன்னைக்கே கீறிக் கிழிச்சுப் போட்டேன், மாமி.”

பிறகு சொன்னாள், கோபமே இல்லாமல். “உங்களுக்கு முடியாததுனாலத்தானே என்ன விளிக்குறிய. முடியுமெங்கில் விளிச்சிருக்க மாட்டிய.”

உண்மை. வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருடம் ஊரார் பிழையைத் தேடித் தேடித் திருத்தினேன். என் கையெழுத்திலேயே ஒரு பெரும் பிழை சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து கமிட்டி. எழுந்து நின்று இரண்டு விஷயம் சொன்னேன். என் கண் போய்விட்டது, கிறிஸ்துமஸிலிருந்து உங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாவது, அந்த விதி தப்பு, எழுத்து எதுவானாலும் வாயில் தமிழ் வந்தால் போதும், கழற்றிவிடுங்கள். கமிட்டியில் இருக்கும் ஸ்டீபன் வைத்தியர் மட்டும், நாளைக்கு இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டு வருவார்களே என்றார். வரட்டும் என்றேன். நான் எழுத்தே இல்லாமல் நின்றேனே, அதற்கு இது தேவலை.

தங்கையன் நாற்காலியில் ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். சுவரில் வெள்ளைச் சதுரம் ஒன்று மிச்சம்.

ரெனியிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் அது வேலைக்கு ஆள் பிடிப்பது மாதிரி. அன்றைக்கு நாலு பேர் முன்னால் சொன்னது தப்பு என்று மட்டும் சொன்னேன். “ம்” என்றாள்.

மே 7, வியாழன்

நேற்று எழுதியதாக ஞாபகம். பக்கத்தைத் தேடினேன். தடித்த ஸ்கெட்ச் பேனா, பெரிய எழுத்து, ஆனாலும் வாசிக்க முடியவில்லை. ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மே 14, பரமேறுதல்

கல்லூரியில் படிக்கிற லிபி மலையாளக் கடுதாசியோடு ஏறி வாசித்தாள். கடுதாசி சலசலப்பது மைக்கில் கேட்டது. நன்றாகத்தான் வாசித்தாள். நன்றாக வாசித்ததில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். அதையும் எழுதிவைக்கிறேன்.

திரும்பும்போது காரில் ரெனி பின்னால் திரும்பாமலே கேட்டாள், “பெந்தெகொஸ்தேக்கு ஆள் ஆச்சா, மாமி?”

“இல்லை.”

“அப்போ என் பேர எழுதுங்க. எனக்கு வேணும்னு தோணீட்டுத்தான் கேக்குதேன்.”

மே 24, பெந்தெகொஸ்தே

இதை நான் சொல்லச் சொல்ல ரெனி எழுதுகிறாள். மலையாள எழுத்தில்தான். தமிழ் எழுத்து அவளுக்கு வராது, என் கண்ணுக்கு எந்த எழுத்தும் தெரியாது, ஆகவே சண்டை இல்லை.

பத்து நாளாக ராச்சாப்பாட்டுக்கு முன் அடுக்களையில் ஒத்திகை. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பாஷையில் கேட்டார்கள் என்கிற அதிகாரம். அந்த ஊர்ப் பெயர்கள் யாரையும் கவிழ்த்துவிடும். பார்த்தர், மேதர், ஏலாமீத்தர். ரெனி தேங்காய் துருவிக்கொண்டே சொல்வாள். நான் கேட்டுத் திருத்துவேன்.

இன்று முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அவள் எங்கே நிற்கிறாள் என்று ஓரக்கண்ணில் தெரிந்தது, முகம் தெரியவில்லை. குரல் வந்ததும் போதுமாக இருந்தது. மேதர் வரைக்கும் என் உதடும் கூடவே ஓடியது. பிறகு நிறுத்திவிட்டேன். அவள் வாசிப்பது கேட்க நன்றாக இருந்தது. ஊர்ப் பெயர்களில் கப்பத்தோக்கியாவை மட்டும் விட்டுவிட்டாள்.

“அதும் எழுதணுமா, மாமி?”

எழுது என்றேன். எழுதினாள். இத்தனை நாள் இந்த நோட்டை யாருக்கும் காட்டியதில்லை. இனி இவளுக்குத் தெரியாமல் ஒரு வரி இதில் ஏறாது. முன்பக்கத்திலெல்லாம் இவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். தமிழ் எழுத்து படித்துக்கொண்டு நீயே வாசி என்றேன். சிரிக்கிறாள்.

எழுதிய வரைக்கும் ஒரு தரம் வாசித்துக் காட்டச் சொன்னேன். மெதுவாக, முதல் வரியிலிருந்து வாசித்தாள். நான் சொன்னது சொன்னபடியே இருந்தது. பிழை இல்லை.