திமிங்கலப் பல்

15 நவம்பர் 1987, ஞாயிறு. சமபுலா, ஃபிஜி
ராணுவ ஆட்சியின் புதுச் சட்டம்: ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடக்கூடாதாம், கடை திறக்கக்கூடாதாம். ஆண்டவருக்கு ஓய்வு நாள். சோதனைச் சாவடியில் நிற்கும் துப்பாக்கிக்கு மட்டும் ஓய்வு கிடையாது. அப்பாவுக்கு வயிற்றுக் கட்டியின் வலி. மருந்து தீர்ந்துவிட்டது, வாங்க வழியில்லை. இந்தச் சட்டத்தை எழுதியவன் வயிற்றிலும் இதே கட்டி வளரட்டும்.

18 நவம்பர்
செமி வந்தார். இந்த மண்ணின் பூர்வகுடி. அப்பா டிரைவராக இருந்த பஸ்ஸில் வெகுகாலம் கண்டக்டர். இப்போது அவர்கள் கிறிஸ்தவ சபையில் பிரசங்கம் செய்கிறார். பைபிளை விரித்து எங்கள் ஃபிஜி ஹிந்தியில் வாசித்தார். அப்பா கேட்கிறார்! வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குத் தீ மிதித்த மனுஷன்.
செமிக்கு டீ கொடுத்தேன், சர்க்கரை போடாமல். என்னால் முடிந்த புரட்சி அவ்வளவுதான். சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "நல்ல டீ, மகளே" என்றார். எரிச்சல்.

21 நவம்பர்
லாமியிலிருந்து கோவிந்த் சித்தப்பா வந்து கத்தினார். "நாட்டப் புடுங்கினான், இப்ப அண்ணனையும் புடுங்குறான். நீ என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற?" சரியாகத்தானே கேட்டார்?
அவர் போனபின் அப்பாவிடம் கேட்டேன், ஏன் இதெல்லாம் என்று.
"பயமா இருக்கு உர்மிளா."
"சாகவா?"
"அதில்ல. கண்ண மூடினா அந்தக் கல்லு வருது. எறிஞ்சவனக் கொல்லணும்னு வருது. இந்த மனசோட எப்படிம்மா கடவுள் முன்னால போயி நிக்கிறது?"
மே மாதம், இந்தியர்களான எங்களுக்கும் இடமிருந்த ஆட்சியை ராணுவம் கவிழ்த்த வாரம், பஸ் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த கல். இடது கண் போயிற்று. எறிந்தவன் யார் என்று போலீஸ் தேடவே இல்லை. அந்தக் கோபம் நியாயம், அதையாவது விடாமல் வைத்திருங்கள் என்றேன்.

24 நவம்பர்
பக்கத்து வீடும் காலி. கனடாவுக்குப் போய்விட்டார்கள். அண்ணன் பிரனேஷ் ஆக்லாந்திலிருந்து போன் செய்தான். என் விசா வந்துவிடுமாம். அப்பாவை விட்டு எப்படி?

28 நவம்பர்
செமி இன்று பைபிள் இல்லாமல் வந்தார். வாசல் பாயில் தலை குனிந்து உட்கார்ந்து, கயிறு கட்டிய திமிங்கலப் பல்லை இரு கைகளிலும் ஏந்தினார். கல்லை எறிந்தது அவர் தங்கை மகன் விலியாமே. போன வாரம்தான் மாமனிடம் ஒப்புக்கொண்டானாம். அவனும் பின்னால் உட்கார்ந்திருந்தான். தடியன். தலையே தூக்கவில்லை.
பாய்ந்து பல்லைப் பிடுங்கினேன் — தெருவில் வீசத்தான். உடனே இருவரும் உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினார்கள். இந்த ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? பல்லைக் கையில் வாங்கினால் மன்னிப்பை ஏற்றதாக ஆகிவிடும். கோபத்தில் மறந்து தொலைத்தேன்.
உள்ளேயிருந்து அப்பாவின் சிரிப்பு. எத்தனை நாளாயிற்று!
"நீயே வாங்கிட்டியேடி!"
"வாங்கல, புடுங்கினேன்!"
"புடுங்கினாலும் கைக்கு வந்திருச்சில்ல?"
பிறகு அவனை உள்ளே கூப்பிட்டார். அப்பாவின் கட்டிலருகே அவன் அழுதான். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

29 நவம்பர், ஞாயிறு
காலையில் அப்பா சொன்னார்: "ராத்திரி, என்னால மன்னிக்க முடியல, ஏசுவே, நீயே எனக்குள்ள செய்யின்னு கேட்டேம்மா. கல்லு வரல. தூங்கிட்டேன்."
மருந்து செய்த வேலை என்றேன்.
"போன வாரமும் அதே மருந்துதானே?"
அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்தேன்.

2 டிசம்பர்
அப்பாவுக்கு வீட்டிலேயே ஞானஸ்நானம். அவரேதான் கேட்டார். எங்கள் சொம்பு, எங்கள் குழாய்த் தண்ணீர். நான் உள்ளே போகவில்லை. ஆனால் அப்பாவின் "ஆமென்" காதில் விழுந்தது — கடைசி ஸ்டாப்பில் ஆளை இறக்கிவிடும் அந்த டிரைவர் குரலில்.

6 டிசம்பர், ஞாயிறு
அப்பா போய்விட்டார். செமியின் கையைப் பிடித்திருந்தார், இன்னொரு கையில் என் கை. முகத்தில் சண்டை இல்லை. நான் எதையும் நம்பவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தேன்.

8 டிசம்பர்
அடக்கம். எரிக்காததற்காகச் சித்தப்பா வரவில்லை. மழையில் விலியாமே குழி வெட்டினான். யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை.
விசா வந்துவிட்டது. விமானத்தில் ஏறும்போதும் இந்த ஆட்சியைச் சபித்துக்கொண்டுதான் ஏறுவேன். அதை எந்தப் பல்லாலும் மாற்ற முடியாது.
சாயங்காலம் விலியாமே சேறோடு வாசலில் நின்றான், உள்ளே வரத் தயங்கி. வா என்றேன். டீ போட்டேன்.
எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்டேன்.